இடது பின் சக்கரத்தின் காய்ச்சல்

இடது பின் சக்கரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மற்ற மூன்றும் நல்ல பிள்ளைகளாக எண்பது டிகிரியில் நின்றன. இது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பந்தயம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

இன்னொருவராக இருந்தால் பதறியிருப்பார். கூடாரத்தில் திரைமுன் உட்கார்ந்திருந்த டிகிரி பதறவில்லை. திரையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

குளிக்கிற வெந்நீரிலிருந்து குழந்தைக்குக் கொடுக்கிற பால்வரை வெப்பமானியைப் போட்டுப் பார்க்காமல் நகர மாட்டார் என்பதால் ரேஸ்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அது. காரை ஓட்டுவது அவர் மனைவி, டயர்களைக் கவனிப்பது அவர். கல்யாணமான புதிதிலேயே அமைந்துவிட்ட ஏற்பாடு. அவள் வேகமாகப் போவாள். இவர் எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்பார்.

போன பந்தயத்தில், காற்று இறங்குகிறது என்று சொல்லி அவளைப் பாதியில் கூப்பிட்டார். வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அன்று கடைசிக்கு முந்தின இடம். வீட்டுக்கு வந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள்: “அடுத்த தடவை முதல் மூணு பேருக்குள்ள வரலைன்னா டயருக்கு வேற ஆள் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்காரரா மட்டும் இருங்க, போதும்.”

அந்த அடுத்த தடவைதான் இது. அவள் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு, மகள் ஓட்டுவதைப் பார்க்க மாமனாரும் வந்திருந்தார். மாப்பிள்ளை செய்வது வேலையே இல்லை, உட்கார்ந்து டிவி பார்ப்பது என்பது அவருடைய நெடுநாள் கருத்து.

காலையில் அவர் வந்து இறங்கிய நேரமே சரியில்லை. ஒத்திகை ஓட்டத்தில் கார் உதறுகிறது என்று மனைவி சொல்ல, டிகிரியும் மெக்கானிக்கும் இடது பின் சக்கரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி நட்டை முடுக்கும்போது மாமனார் கூடார வாசலில் வந்து நின்றார், நீண்ட ரயில் பயணத்தில் முதுகு பிடித்துக்கொண்டு வில்லாக வளைந்து. மாமனாரைக் காக்க வைக்க முடியுமா? டிகிரி மிச்ச வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பையை வாங்கினார்.

வாங்கிய கையோடு தன் வேலையை விளக்கவும் செய்தார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார், அதற்கென்று ஓர் எண். எந்த எண் காரின் எந்த மூலையில் ஓடுகிறது என்று திரையில் பதிந்து வைத்துவிட்டால் சூடும் காற்றழுத்தமும் தானாக வந்துகொண்டிருக்கும். ஒரு தகவலும் தவறிவிடக் கூடாதென்று காரில் ஓர் ஆன்டெனாவும் கூடாரத்தில் ஓர் ஆன்டெனாவும் வைத்தது தன் சொந்த யோசனை என்று சேர்த்துச் சொன்னார். டயர் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும், மிஞ்சிப் போனால் வழுக்கும், அதனால்தான் கிளம்புவதற்கு முன் இந்த மின்சாரக் கம்பளிகளைப் போர்த்திச் சூடேற்றுகிறோம் என்றார். மாமனார் கம்பளியை மட்டும் தடவிப் பார்த்தார். சென்சாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பந்தயம் தொடங்கியதும் அவருக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். சாய்ந்துகொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பின்னால் எங்காவது வசதியாகச் சாய்ந்துகொள்ளுங்கள் மாமா என்று திரும்பிப் பார்க்காமலே டிகிரி சொன்னார். ஓட்டம் நடக்கும்போது திரையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த கொள்கை.

இப்போது தொண்ணூற்றைந்து.

மைக்கை அழுத்தி, வலது வளைவுகளில் மெதுவாகப் போகச் சொன்னார். அங்கேதான் இடது பின் சக்கரத்தின்மேல் பாரம் விழும். மனைவி முணுமுணுத்துக்கொண்டே மெதுவாக்கினாள். சிவப்புக் கார் ஒன்று அவளைத் தாண்டிப் போனது.

தொண்ணூற்றெட்டு.

“மாப்பிள்ளை,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “உங்களை என்னமோன்னு நெனச்சேன். நல்ல ஏற்பாடாத்தான் பண்ணி வச்சிருக்கீங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. டிகிரிக்கு உடம்பெல்லாம் தெம்பு ஏறியது. அந்தத் தெம்பிலேயே அவளை உள்ளே கூப்பிட்டார்.

கார் வந்து நின்றது. மெக்கானிக் கையளவு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தார். திரையில் அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. அந்த மீட்டர் வாங்கி எவ்வளவு காலமாகிறது என்று டிகிரி கேட்டார். அது கெட்டுப்போய்விட்டது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். காற்றைத் திறந்துவிடச் சொன்னார். விட்டார்கள். திரையில் அழுத்தம் இறங்கவில்லை. இன்னும் விடச் சொன்னார். விட்டார்கள். அப்போதும் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. எவ்வளவு பிடிவாதமான டயர் என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

அவள் மறுபடி பாதைக்குப் போனபோது ஆறாவது இடம்.

“பின்பக்கம் ஆடுதுங்க,” என்றாள் ரேடியோவில்.

“சூடு ஜாஸ்தியாச்சுன்னா ஆடத்தான் செய்யும்மா.”

“எனக்குச் சூடாவே தெரியல. காத்தில்லாத மாதிரி தொளதொளன்னு இருக்கு.”

“நீ உள்ள உக்காந்திருக்க, உனக்கெப்படித் தெரியும்? நூத்தி ரெண்டு காட்டுது. பேசாம கொஞ்ச நேரம் காய்கறி வாங்கப் போற மாதிரி ஓட்டு.”

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது. அவள் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

அப்போதுதான் டிகிரி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறாவது இடம், ரேடியோவும் போச்சு. நாளையிலிருந்து வெறும் வீட்டுக்காரர். யாரோ ஒருவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் மனைவியின் டயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்கவே பொறுக்கவில்லை. இருந்தாலும் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அவரால் முடிந்தது அதுதான்.

கடைசிச் சுற்றுகள் வந்தன. மாமனார் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவள் ஒரு வளைவில் ஒருவனை முந்தினாள், அடுத்த நேர்பாதையில் இன்னொருவனை.

அந்த நேரம் பார்த்து, திரையில் நூற்றிரண்டு நூற்றொன்று ஆனது. பிறகு நூறு. பிறகு தொண்ணூற்றெட்டு.

“இறங்குது மாமா,” என்றார் டிகிரி. “நான் சொன்னது வேலை செய்யுது பாருங்க.”

சக்கரம் குளிரக் குளிர அவள் பறந்தாள். கடைசி வளைவில் சிவப்புக் காரையும் உள்பக்கமாகத் தாண்டினாள். மூன்றாவது இடம். டிகிரி அணைந்துபோன ரேடியோவில் அவளுக்கு விடாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தவள் முகத்தில் சண்டைக்கான எல்லா ஏற்பாடும் இருந்தது. டிகிரி திரையை அவள் பக்கம் திருப்பினார். மலை மாதிரி ஏறிய கோடு, உச்சியைத் தொட்டு, அழகாகச் சரிந்து இறங்கியிருந்தது. தக்க சமயத்தில் அடக்கி ஓட்ட வைத்ததும் காற்றைக் குறைத்ததும்தான் அந்தச் சரிவு, இல்லாவிட்டால் டயர் வெடித்திருக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மெக்கானிக்கும்கூடத் தன் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். கடைசியில் டயர் நன்றாகப் பிடித்தது அவளுக்கே தெரியும்.

“சரிங்க, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்,” என்றாள், எல்லோர் முன்னாலும். “இனிமே டயர் உங்க பொறுப்புதான். வேற ஆள் வேண்டாம்.”

டிகிரி பெருந்தன்மையாகத் தலையசைத்தார். இந்த வார்த்தை மாமனார் காதிலும் விழுந்ததா என்று, பந்தயம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். காலையில் வளைந்து வந்த மனிதர் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்று சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, காலையில கழட்டிப் போட்டீங்களே ஒரு சக்கரம், அதுக்குக் கம்பளியைச் சுத்தி சுவிட்சைப் போட்டுச் சாஞ்சுக்கிட்டேன், முதுகுவலி போன இடம் தெரியல, என்ன, சூடு பத்தாம நாலஞ்சு தடவை நானே ஏத்த வேண்டியிருந்துச்சு, கடைசியில புள்ள ஜெயிக்கறதப் பாக்கணுமேன்னுதான் அணைச்சுட்டு எழுந்து வந்தேன்.”