கறித்தூள் மில்லில் அரைத்த பியர்

பொறியியல் படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. அது திட்டமிட்டு, வரிசைப்படி, முழு நம்பிக்கையோடு நடக்கும். நான் மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் இன்ஜினியர். பெரிய பெரிய தொட்டிகளில் எது எப்போது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. வீட்டில் ஒரு பானை பியர் காய்ச்சுவது எனக்கு விளையாட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

காய்ச்சியதற்கு ஒரு காரணம் இருந்தது. கவினின் அப்பா. கவினும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. என் வீட்டில் சரி என்றார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அவன் அப்பா, யாழ்ப்பாண வழிவந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்கத் தணிக்கை அதிகாரி, "பார்ப்பம்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. கோப்பு நிலுவையில் இருந்தது. கடைசியில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சம்மதித்தார்.

"அப்பாவுக்குப் பிடிச்சது ரெண்டே விஷயம்தான்," என்றான் கவின். "தப்பில்லாத வேலை. அப்புறம் பியர்."

இரண்டையும் ஒரே கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. விருந்துக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன.

டின்னில் வரும் மால்ட் பாகைக் கரைத்துப் பியர் செய்யும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அது பாக்கெட் மீ நூடுல்ஸைக் கொதிக்கவிட்டு, சமைத்தேன் என்று சொல்வது போலப் பட்டது. நான் தானியத்திலிருந்தே தொடங்குவேன். முளைவிட்டுக் காய்ந்த பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வண்ண வண்ணமாக அட்டவணை போட்டேன். உடைப்பதற்குக் கொடுத்த வண்ணம் பச்சை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

பார்லி முழுசாக வந்து சேர்ந்தது. உடைக்கும் இயந்திரம் என்னிடம் இல்லை.

"மில்லுக்குக் கொண்டு போனா அஞ்சு நிமிஷம் லா," என்றார் அம்மா.

மில் என்றால் நாங்கள் வழக்கமாக மிளகாய், மல்லி அரைக்கும் மில். மில்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா இது, கோதுமையா?"

"பார்லி. பிள்ளைக்கு வேணுமாம்."

"உடம்புக்கு நல்லது," என்றார் அவர், மரியாதையாக.

வெளியே யாரோ ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் இருந்தார்கள். குறுக்கே நின்றது என் கார்தான். நகர்த்திவிட்டு வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. எப்படி அரைக்க என்று அவர் கேட்டிருக்கிறார். அத்தனை வருடப் பழக்கத்தில் அம்மா "நைசா" என்றிருக்கிறார். முன்னால் என்ன அரைத்தார்கள் என்று விசாரிக்காமல் அம்மா அந்த மில்லில் எதையும் கொட்டவிட்டதில்லை. அன்று விசாரிக்கவில்லை. (கேட்டால், "குடிக்கிறதுதானே, சாப்பிடுறதா என்ன?")

பையில் கை விட்டேன். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கியது. உடைந்த உமிதான் வடிகட்டி போல வேலை செய்யும். இதில் உமி என்று ஒன்று இருந்ததற்கே சாட்சி இல்லை. ஒரு மணம் வேறு.

"அது மில்லு வாசம். கொதிச்சா போயிடும்," என்றார் அம்மா. நம்பினேன்.

அடியில் குழாய் வைத்த பெரிய பானையில் வெந்நீர் ஊற்றி, மாவைக் கொட்டிக் கிளறினேன். சற்று நேரத்தில் கரண்டி தானாகவே நின்றது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது கூழ்டி. ஆடி மாசம் கோயில்ல ஊத்துவாங்களே, அது. வெங்காயம் வெட்டட்டா?"

"கருவாடு இருக்கு," என்று ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு விழுந்தது, அதோடு சரி. செய்வதற்கு ஒன்றும் தோன்றாததால் மூடியைப் போட்டு, பானையைப் போர்வையால் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி திறந்தபோது கூழைக் காணோம். கரண்டி நட்டுவைத்தது போல நின்ற இடத்தில் தேநீர் நிறத்தில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. நக்கிப் பார்த்தேன். இனித்தது. லேசாக அல்ல, பாயசம் மாதிரி இனித்தது. ஒரு சிட்டிகை சீனி கூட நான் போடவில்லை.

நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்று பரீட்சையில் எழுதியவள் நான். படமும் வரைந்திருக்கிறேன். ஆனால் அது என் கரண்டியில் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விதை தன் குருத்துக்கென்று கட்டிவைத்த சாப்பாடு அது. முளைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தப்பட்டு, காய்ந்து, கப்பலேறி வந்து, கறித்தூள் மில்லில் பொடியாகி, இத்தனைக்குப் பிறகும் வெந்நீர் பட்டதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறது. நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"என்னடி, உப்பு பத்தலையா?" என்றார் அம்மா.

குழாயில் கடைசி வரை எதுவும் இறங்கவில்லை. அப்பாவின் வேட்டியில் கட்டி, தேங்காய்ப்பால் பிழிவது போல அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டாயிற்று. ஈஸ்டுக்குக் குளிர்ச்சி வேண்டும். வீட்டில் ஏர்கான் இருப்பது அம்மா அப்பா அறையில் மட்டும். ஆகவே பீப்பாய் அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறியது. அதன் மூடியில் வாயு வெளியேற வைத்த நீர்க்குழாய் பளக் பளக் என்று மூச்சுவிட்டது. அப்பா காலைத் தேநீரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார். "இன்னிக்குக் கொஞ்சம் சோர்வா இருக்கு," என்று அதைப் பற்றி எனக்கு அறிக்கையும் கொடுப்பார்.

பாட்டிலில் அடைக்கும்போது ருசி பார்த்தேன். தொண்டையில் ஏதோ சுட்டது. இளம் பியர் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அங்கிள், அதாவது கவினின் அப்பா, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, இதுக்குள்ள மீன்கறித்தூள் என்னத்துக்கு?"

கவின் முந்திக்கொண்டான். "பெல்ஜியத்துல மல்லி போடுவாங்கப்பா. அது ஒரு ஸ்டைல்."

"மல்லி சரி. மிளகாயும் வெந்தயமும்? அதுவும் பெல்ஜியமோ?"

மில், "நைசா", கூழ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேட்டிக்கு வந்தபோது மேசைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தார். ஒரு வருடத்துப் "பார்ப்பம்" இதோ முடிவுக்கு வருகிறது, அதுவும் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "காய்ச்சேக்க சீனி எவ்வளவு போட்டனீர்?" என்றார்.

"போடல அங்கிள். மாவே இனிப்பா மாறிடும்."

"மாவு எப்பிடிப் பிள்ளை இனிக்கும்? வரவு இல்லாமல் இருப்பு வராது."

மிச்ச மாவு ஃப்ரிட்ஜில் இருந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாது என்று அடுப்படிக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார். முதலில் வெறும் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உறைப்பு," என்றார். பிறகு எங்கள் சீனி டின்னை எடுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சின்னப் பானையில் மாவையும் வெந்நீரையும் கலந்து மூடி வைத்தேன். அவர் நாற்காலி போட்டுப் பானைக்கு எதிரே உட்கார்ந்தார். கறி ஆறியது. அப்பா பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அவர் பானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூடியைத் திறந்தேன். கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு கரண்டி. அதைக் கவினிடம் நீட்டினார். "நீ பார்." பிறகு பானைக்குள் குனிந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது உள்ளுக்குள்ளயே இருந்ததோ?"

"ஆமா அங்கிள்."

பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கோ," என்றார், சீனி டின்னைக் கக்கத்திலிருந்து எடுக்காமலேயே.

இப்போது அவர் எனக்கு மாமா. அதற்குப் பிறகு நன்றாகவே பல முறை காய்ச்சியிருக்கிறேன், பயனில்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாமா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி அறிமுகம் செய்கிறார்:

"இவ எங்கட மருமகள். வெறும் மாவை இனிக்க வைப்பா, நான் கண்ணால கண்டனான். ஆனா பியர் தந்தா மட்டும் குடியாதேங்கோ."