மேகத்தைத் திட்டிய மாப்பிள்ளை

என் வாழ்க்கையில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது ஒரே ஒரு மேகம்தான். அது கேட்டிருக்க வேண்டாம்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பருத்திக் கடை. எனக்கு வயது இருபத்தைந்து. தென்காசிப் பக்கம் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் போதவில்லை. அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அருவியும் சாரலுமாக வளர்ந்த பெண்ணைத் தண்ணீர் இல்லாத காட்டில் கொண்டுபோய்த் தள்ளுவதா என்ற யோசனை அவருக்கு. வழக்கப்படி மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "உங்க ஊர்ல பாக்கதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பருத்திப் பொதியைக் காட்டினால் பெண் கிடைக்காது. பரளச்சிக்கு அந்தப் பக்கம் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, அங்கே சூரியன் விழுகிற அழகை வேறெங்கும் பார்க்க முடியாது என்று அடித்துவிட்டேன். (இரண்டு ஆள் ஆழம்கூட இருக்காது.) முழுப் பொய் இல்லை. டவுனில் போட்டோ எடுக்கப் போகிற எல்லோரும் ஸ்டுடியோச் சுவரில் அந்த அஸ்தமனப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். நானும் அதைச் சுவரில்தான் பார்த்திருந்தேன்.

பஸ்ஸில் பரளச்சி போய், அங்கிருந்து கரிசல் காட்டு வழியே வாத்தியாரும் நானும் நடந்தோம். ஊரே மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டு மூன்று வாரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. பருத்திக்கடைக்காரன் மகனுக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனால் அன்று என் மண்டைக்குள் பெண் மட்டும்தான் இருந்தாள்.

பாறைமேல் ஏறிப் பார்த்தால் அங்கே முப்பது பெண்கள். மழைச்சோறு எடுத்திருந்தார்கள். மழை பொய்த்தால் வீடு வீடாக உப்பில்லாத சோறு வாங்கி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பகிர்ந்து தின்று, ஊரைவிட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அதைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. (வாத்தியாரிடம் ஏதோ திருவிழா என்று சொல்லிவைத்தேன்.)

எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேற்கே ஒரு கருமேகம் எழுந்து வந்து சூரியனை மூடியது. பெண்கள் குலவை போட்டார்கள். கைக்கு வந்த பெண் போகிறதே என்ற ஆத்திரத்தில் நான், "சனியன் பிடிச்ச மேகம், இப்பத்தான் வரணுமா? எங்கிட்டாச்சும் போய்த் தொலை" என்று கத்திவிட்டேன்.

குலவை நின்றது. கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. மேகம் அப்படியே தெற்கே நகர்ந்து போய்விட்டது. அதன்பிறகு நடந்த அஸ்தமனம் இருக்கிறதே, பாறை பூராவும் செம்பாக மின்னியது. அதைப் பார்த்தது வாத்தியார் ஒருவர்தான். மற்ற முப்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவள் பேச்சியம்மா. "மூணு வாரமாக் கூப்பிட்டு இன்னைக்கித்தான் வந்துச்சு. போகச் சொன்ன வாயால வரச் சொல்லுங்கய்யா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அழுகிற குரலில் சொன்னாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளத்தில் குதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், ஆழம் போதாது.

உட்கார்ந்தேன். ஓர் உருண்டை சோறு தந்தார்கள், தின்றேன். வருங்கால மாமனார் முன்னால் மாரில் அடித்துக்கொண்டு, பெண்களோடு பெண்ணாக ஒப்பாரி வைத்தேன். ராகம் தெரியாததால் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. மேகம் திரும்பி வரவில்லை.

மழை பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் பாதி விதையை எறும்பு கொண்டுபோயிருந்தது. காற்றடித்துத்தான் மேகம் கலைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வருடம் பரளச்சிப் பருத்தி கடைக்கு வந்தபோது கொண்டுவந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் வாத்தியார் என்னை விட்டுத் தள்ளி முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் போச்சு என்று முடிவுகட்டினேன். மழை பெய்த அதே வாரம் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு வாய் மோசம், ஆனால் தப்பு செய்துவிட்டு ஓடாமல் உட்கார்ந்து அழுதார், பெண்ணைத் தருகிறோம் என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: கல்யாணம் ஆனியில், இங்கே சாரல் காலம், மாப்பிள்ளை இரண்டு நாள் முன்னதாக வந்து வானத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் பந்தல் நனையாது.

போய்ச் சொன்னேன். கொட்டின மழையில் பந்தலே சரிந்தது.

ஆனாலும் பெயர் போகவில்லை. வானம் இருட்டினால் பரளச்சிக்காரர்கள் கடை வாசலில் நின்று, "அவுகள உள்ள இருக்கச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். என் மனைவி அதை இன்றுவரை கடைப்பிடிக்கிறாள். மூட்டம் போட்டால் மற்ற வீடுகளில் கொடியில் காயும் துணியை உள்ளே எடுப்பார்கள். எங்கள் வீட்டில் என்னை.