சாய்காலின் வானம் காயும்வரை

மரியாதைக்குரிய எசென்தாய் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சாய்காலைக் கட்டிக்கொண்ட ஜுமாலி எழுதுவது. ஆடுகள் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. பிஷ்கெக்கில் உங்கள் வீட்டார் அனைவரும் நலமாயிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற உங்கள் தங்கை இப்போது நீர்வண்ண ஓவியம் தீட்டுகிறாள். தீட்டட்டும், ஆனால் விடிந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் ஏரிக்கரைக்கு ஓடி, தினமும் அதே ஏரியை, அதே மலையை ஒரு சின்னத் தாளில் போட்டாக வேண்டுமாம். நேற்றுப் போட்டது இருக்கிறதே என்றால், நேற்றைய வெளிச்சம் வேறு என்கிறாள். குளிரில் தூரிகை நனைக்கிற கிண்ணத்துத் தண்ணீர் உறைகிறதென்று, விருந்தாளிகளுக்காக நான் ஒளித்து வைத்திருந்த வோட்காவை அதில் ஊற்றிவிட்டாள். கேட்டதற்கு, “உங்க வாய்க்குள்ள போனா பழைய கதைதான் வருது. இதுல மலை வருது” என்றாள்.

அதையும் பொறுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் சம்பந்தியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். இவள் சன்னலோரம் பெரிய தாளை நனைத்து வானம் தீட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் பனித்தூள் பறந்து வந்து ஈரத்தில் விழுமாம். “கொஞ்சம் இருங்க, வானம் காயட்டும்” என்று சன்னல் வழியாகவே சொல்லிவிட்டாள். நம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு அம்மாள், கையில் சுடச்சுடப் போர்சோக் பணியாரத்தோடு வெளியே நிற்கிறார். எனக்கு உயிர் போகிறது. நானே கதவைத் திறந்தேன். பனித்தூள் விழுந்து, தாளிலிருந்த வானம் முழுக்க முட்டைக்கோசு முட்டைக்கோசாகக் கறை பூத்தது. சம்பந்தியம்மாள் மேலங்கியைக் கழற்றாமலே ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சாய்கால் அன்றிலிருந்து என்னைத் திட்டுவதுகூட இல்லை.

நீங்கள் வந்து அவளைக் கொஞ்ச நாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். மகள் கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் பேசுகிறவன் நான் ஒருவன்தான். அந்த மலையைப் பார்க்கிற மாதிரி அவள் என்னை ஒரு தடவை பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், மச்சான்.

உங்கள் விருந்து விரிப்பு என்றும் நிறைந்திருக்கட்டும். உங்கள் மனைவி அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
ஜுமாலி

பின்குறிப்பு: தயவுசெய்து வர வேண்டாம். உங்களுக்கு எழுதியதைச் சொல்லிவிடலாமென்று இன்று காலை கரைக்குப் போனேன். கோபத்தோடு பின்னால் நின்று தாளைப் பார்த்தேன். அதில் கரையோரம் ஒரு கம்பம் இருந்தது. அவள் தாள்களில் எப்போதும் இருக்கிற கம்பம்தான். அதன் உச்சிக்கு வண்ணம் போட மறந்துவிட்டாயே என்றேன்.

“கம்பமா? அது நீங்க. ஆடு ஓட்டிட்டு வர்றீங்க. உச்சியில இருக்கிறது உங்க வெள்ளைத் தொப்பி” என்றாள். பிறகு, திரும்பாமலே, “வெள்ளைய நான் தீட்டுறதில்ல. அந்த இடத்தத் தொடாம விட்டுடணும். மலையெல்லாம் மளமளன்னு போட்டுடுவேன், உங்க தொப்பிகிட்ட வந்தாத்தான் கை மெதுவாயிடுது” என்றாள்.

கடிதத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் தாளை வீணாக்குவது இந்த வீட்டில் பெருங்குற்றம். என் தொப்பி அத்தனை வெள்ளையில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.