பெண் பார்க்கப் போய்க் கிணறு பார்த்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். சென்னைக் கல்லூரி ஒன்றில் பூகர்ப்ப சாஸ்திரம் கற்பிக்கும் உத்தியோகம் எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. நிலத்தடியில் நீர் பாறையைக் கரைப்பதும், கரைத்ததை வேறோர் இடத்தில் கொண்டுபோய்ப் படிய வைப்பதும்தான் என் பாடம். பின்னாளில் ஆயுள் முழுக்க அதைத்தான் ஆராய்ந்தேன். ஆனால் அந்த வயதில் அது பாடமாக இல்லை, பைத்தியமாக இருந்தது. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னத் திராவகக் குப்பி இருக்கும். சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். விருந்துக்குப் போன வீட்டில் அம்மிக்கல்லில்கூட விட்டுப் பார்ப்பேன். (அம்மி நுரைக்காது. தெரிந்தேதான் விடுவேன்.)

பெண் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். பெண்ணின் அப்பா சொந்தமாகப் பட்டுத் தறிகள் வைத்திருந்தார். நானும் சித்தப்பாவும் காலை ரயிலில் போய் இறங்கினோம். தெரு நெடுகத் தறிக்கான பாவு நூலை விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஆகையால் நான் வந்ததை மொத்தத் தெருவும் பார்த்தது. பிறகு நடந்ததையும் பார்த்தது.

கால் கழுவுவதற்காகக் கொல்லைப்புறம் போனேன். அங்கே ஒரு கிணறு. பக்கத்து வீட்டுக்கும் அதுதான் கிணறு. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. உட்சுவரில் தண்ணீர் கசிந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஏதோ படிந்திருந்தது. அதற்கப்புறம் எனக்குப் பெண் ஞாபகம் இல்லை. குனிந்து, குப்பியைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது! ஆனந்தத்தில் குப்பி கை நழுவியது. ‘தொபுக்’.

மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அலறினாள்.

“ஐயோ, ஓடியாங்க! எவனோ கோட்டுக்காரன் கெணத்துல விஷத்தப் போட்டுட்டான்!”

பாவு நூலை விட்டுவிட்டுத் தெருவே கொல்லைக்குள் நுழைந்துவிட்டது.

“இன்னாடா போட்ட?” என்றார் சித்தப்பா.

“கொஞ்சம் திராவகம்.”

சரிகையைத் திராவகம் விட்டுச் சோதிக்கிற ஊர் அது. அந்தச் சொல்லுக்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. பெண்ணின் தாயார் தனம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அஞ்சவில்லை, பிரசங்கம் செய்தேன். இவ்வளவு தண்ணீரில் அவ்வளவு சின்னக் குப்பி ஒன்றுமே செய்யாது என்றும், சுவரில் படிந்த சுண்ணாம்பே திராவகத்தை அடக்கிவிடும் என்றும் விளக்கினேன்.

“அப்டின்னா நீயே குடிச்சுக் காட்டு தம்பி” என்றார் பெண்ணின் அப்பா, அமைதியாக.

ஒரு சொம்பு நிறையக் குடித்தேன். தெருவே என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சாகவில்லை என்றாலும், குப்பியை எடுக்க வேண்டும் என்று கொக்கிகள் தொங்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கிணற்றடியைத் துழாவித் துழாவி அது மேலே கொண்டுவந்தது என் குப்பியை அல்ல. வெள்ளையாக ஓடு கட்டிப்போன ஒரு குடம்.

தனம்மாள் துள்ளி எழுந்தார். விஷயம் இதுதான்: தன் பித்தளைக் குடத்தைத் தனம்மாள் எடுத்துக்கொண்டார் என்று குப்பம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பல வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஒரே கிணற்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் சேந்துவார்களாம்.

“பாருடி! இது உன் கொடம்தானே?”

“என்னுது பித்தள. இது இன்னாவோ சுண்ணாம்புப் பான மாதிரி இருக்குது” என்றாள் குப்பம்மாள், மதில்மேல் எக்கிப் பார்த்தபடி.

நான் குறுக்கிட்டேன். (சும்மா இருந்திருக்கலாம்.) “குடத்துல பேரு வெட்டியிருந்தீங்களா?”

“வெட்டாம?”

“அப்ப மேல படிஞ்சதக் கரைச்சாத் தெரிஞ்சிடும். கொஞ்சம் திராவகம் இருந்தாப் போதும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கிணற்றைப் பார்த்தார்கள்.

“புளி இருந்தாலும் போதும்” என்றேன், ஈனசுரத்தில்.

சமையலறைக் கதவு திறந்தது. தலை நிறையப் பூவும் புதுப்புடவையுமாக மரகதம் வந்தாள். காப்பித் தட்டோடு பார்த்திருக்க வேண்டிய பெண்ணைப் புளி உருண்டையோடு பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குடத்தின் அருகே உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று, புளி எப்படிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்று கூட்டத்துக்கு விளக்கினேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

முதலில் ‘கு’ தெரிந்தது. அப்புறம் ‘ப்’. முழுப் பெயரும் தெரிவதற்குள் தனம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார்.

“திருடின்னு சொன்னியேடி என்னை!”

குப்பம்மாள் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி மொள்றப்போ நழுவியிருக்கும் தனம். எனக்குத் தெரியாமப் போச்சே, மனசுல வெச்சுக்காத.” இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

சித்தப்பா என் கோட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். “மன்னிச்சுக்குங்க, நாங்க கெளம்புறோம். நீங்க வேற எடம் பாத்துக்குங்க” என்றார் பெண்ணின் அப்பாவிடம்.

“இன்னாங்க அப்டி சொல்லிட்டீங்க?” தனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “மாப்ளதான் என் மானத்தக் காப்பாத்தினாரு!”

“கெணத்துத் தண்ணிய எப்டிக் குடிக்கிறது?” என்றார் அவர் கணவர்.

“மாப்ள ஒரு சொம்பு குடிச்சுட்டு நிக்கிறாரே, இன்னும் சாவலயே!”

அந்தத் தையில் கல்யாணம். ‘இனிமேல் வீட்டுக்குள் திராவகம் வரக் கூடாது’ என்று மரகதம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். குப்பி கடைசிவரை கிடைக்கவில்லை.

அதிலிருந்து மாமியார் வீட்டு வகையில் யார் பெண் பார்க்க வந்தாலும் கிணற்றடியில் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்திவிடுவார்கள். எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் அந்த வீட்டுக்கு வந்தபோதும், தள்ளாத வயதிலும் மாமியார்தான் ஏற்பாடுகளைக் கவனித்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் என் மனைவியிடம் கேட்டார்:

“பையன் இன்னா படிச்சிருக்காரு?”

“வக்கீலும்மா.”

“அப்பாடா! கெணத்தாண்ட நிக்கிறவன சாப்புட வரச் சொல்லு.”