மிளகுக்கு முப்பது கிலோ

"நாய்க்கும் முப்பது கிலோ உண்டுதானேண்ணே?" என்று கேட்டான் முகம்மது ரிபாய்.

ரகுநாதன் டீயை உறிஞ்சியபடி யோசித்தார். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் நேற்று மாலை ரிபாயின் இதே கஃபெடேரியாவில், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மிளகும் என்னை மாதிரி ஒரு பாசஞ்சர்தான்ப்பா. ஃப்ளைட்ல என் காலடியில இடம் போட்டுட்டான். சாமானோட சாமானா கீழ தள்ளமாட்டான்" என்று அரை மணி நேரம் பீற்றிக்கொண்டவர் அவர்தான். பாசஞ்சர் என்றால் முப்பது கிலோ. வளைகுடாவில் இது கைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

"இருக்கும்" என்றார்.

"அப்ப இது ஒண்ணு. தங்கச்சி கல்யாணத்துக்குப் பாதாம்பருப்பு. எட்டு கிலோ. மேல அட்ரஸ் எழுதியிருக்கேன். திருச்சிலயே ஆள் வந்து வாங்கிக்கும்."

மூட்டை மேஜைமேல் கலகலவென்று இறங்கியது. காலடியில் படுத்திருந்த மிளகு எழுந்து அதை மோந்து பார்த்தது.

ரகுநாதனுக்குச் சுருக்கென்றது. கறுப்பு லாப்ரடார். நான்கு மாதமாக அவருக்குக் கண்ணாக இருப்பது. கைப்பிடி வைத்த ஹார்னஸ் பட்டையை மாட்டிவிட்டால் அது டியூட்டி. முன்னால் கோழிக்காலே விழுந்தாலும் திரும்பாது. காகிதங்களில் அதன் பெயர் பெப்பர். ரகுநாதன் மிளகு என்று கூப்பிட்டார்; அதுவும் மறுப்பில்லாமல் திரும்பியது.

"டியூட்டில இருக்கே, ஞாபகமிருக்கட்டும்" என்று அதன் காதில் சொன்னார். பிறகு, "ஏன் ரிபாய், பாதாம்ல மீன் வாடை வருது?"

"கருவாட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டேண்ணே" என்றான் ரிபாய், சற்றும் தயங்காமல்.

ரகுநாதனிடம் இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். யாருக்கும் எதையும் மறுக்க மாட்டார். மூன்று வருடத்துக்கு முன் பார்வை போனபின் இரண்டும் முற்றிவிட்டன. துபாய் அல் கூஸில் வண்டி உதிரிபாகக் குடோன் ஒன்றில் அவருக்குப் போன் எடுக்கும் வேலை. எந்தப் பாகத்துக்கு என்ன நம்பர் என்று கேட்டால் கம்ப்யூட்டர் விழிப்பதற்குள் சொல்லிவிடுவார். போன தீபாவளிக்குக் குடோன்காரர்கள் சேர்ந்து மணி சொல்லும் கைக்கடிகாரம் ஒன்று பரிசளித்தார்கள். "தேவைப்படறவங்களுக்குக் குடுங்கப்பா" என்று மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று மாலை நாலரைக்கு விமானம். அதை நினைத்து விடியற்காலையிலிருந்தே அவர் கால் தரையில் நிற்கவில்லை. போன தடவை லீவில் போனபோது, கண்தான் தெரியாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் திருச்சி ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே நின்ற ஜலஜா, புருஷனுக்குக் காலும் போய்விட்டதென்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். இந்தத் தடவை மிளகின் ஹார்னஸைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷன் கையும் படாமல், அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் இன்னும் மிளகைப் பார்த்ததில்லை.

வெளியே கம்பெனி பிக்கப்போடு செய்கு முகம்மது காத்திருந்தான். துபாயில் பதினொரு வருடமாக வண்டி ஓட்டுகிறவன். இன்னும் வழி பிடிபடவில்லை. "நீங்க கூட வந்து வழி சொன்னா என் டியூட்டியும் முடிஞ்சிரும், உங்க வேலையும் முடிஞ்சிரும் சார்" என்று கெஞ்சியதால்தான் ரகுநாதன் ஒத்துக்கொண்டார்.

"அடுத்த சிக்னல்ல ரைட்டு" என்றார் ஏறியதும். "மேடு ஒண்ணு வரும், அதுக்கப்புறம் லெஃப்ட்டு."

"நீங்க இல்லன்னா நான் ஓமனுக்குப் போயிருப்பேன் சார்."

போகும் வழியில் ரகுநாதன் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார். பதினெட்டு நிமிடம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள். நாய்க்கு லக்கேஜ் கோட்டா என்று எதுவும் கிடையாது என்றாள்.

"எட்டு கிலோவோட நிறுத்திக்கணும்" என்றார் ரகுநாதன், தனக்குத்தானே.

கால்நடை க்ளினிக்கில் மிளகு பறக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரிசப்ஷனில் இருந்த இன்ஷா காயல்பட்டினத்துப் பெண். காகிதத்தைக் கையில் கொடுக்கும்போதே ஆரம்பித்தாள்.

"சார், மிளகுக்கும் கோட்டா இருக்காமே. ரிபாய் காக்கா சொன்னாங்க."

ரகுநாதன் உஷாரானார். "இருந்துச்சும்மா. நிறைஞ்சு போச்சு. இன்னும் மூணே கிலோதான் பாக்கி."

மூன்று கிலோவுக்கு யார் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அவர் நினைத்தார். இன்ஷா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.

"சரியா மூணு கிலோ சார். ஷாம்பு. உம்மாவுக்கு முடி கொட்டுது."

"மூணு கிலோவுக்கா கொட்டுது?"

"நிறைய முடி சார்."

மிளகு பெட்டியை மோந்துவிட்டுத் தும்மியது. பழக்கமான வாசனையைக் கண்டால் அது அப்படித் தும்மும். ரகுநாதன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அல் கூஸ் குடோனில் லீவ் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்த முறை தயாராகப் போனார். வாசலில் பன்னீர்செல்வத்தின் செருப்புச் சத்தம் கேட்டதுமே முந்திக்கொண்டார்.

"பன்னீரு, நாய்க் கோட்டால ஒரு ரூல் இருக்கு. கெட்டிச் சாமான் ஏத்தமாட்டான். மெத்துமெத்துன்னு இருக்கறது மட்டும்தான்."

"நல்லவேளை சார்" என்றான் பன்னீர்செல்வம். "நம்மது மெத்துமெத்துன்னுதான் இருக்கு."

ஏதோ பெரிதாக அவர் நெஞ்சில் வந்து சாய்ந்தது. தடவிப் பார்த்தார். வட்டமான மெத்தை. கையை இரு பக்கமும் விரித்தும் விளிம்பு அகப்படவில்லை.

"யாருக்குடா இது?"

"மாமனாருக்கு. மூலம் சார். வட்டமா இருந்தாத்தான் உக்கார முடியுது."

"இதுல நாலு பேர் உக்காரலாமே."

"மாமனார் கொஞ்சம் பெரிய உருவம்."

அதற்குள் விஷயம் குடோன் முழுக்கப் பரவிவிட்டது. மெத்துமெத்தென்று என்பதை ஆளுக்கு ஒரு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டு கம்பெனி கேம்ப்பில் தங்கியிருக்கும் பையன்கள் வரிசையாக வந்தார்கள். குழந்தைக்குப் பந்து, மச்சினனுக்குச் சீப்பு, சித்தப்பாவுக்கு மழைக்கோட்டு. எல்லாவற்றிலும் அட்ரஸ் எழுதியிருக்கிறது, ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றார்கள். வண்டியில் ஏற்றும்போது ஒரு பார்சல் கீச்சென்று கத்தியது. மிளகு முன்காலைத் தூக்கி வண்டிமேல் வைத்துவிட்டது.

நான்கு மாதமாக இல்லாத ஒழுங்கீனம். ரகுநாதனுக்குத் தலைகுனிவாக இருந்தது. ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் தனக்கு மட்டுமல்ல, நாய்க்கும் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தார்.

வண்டியில் ஜலஜா போனில் வந்தாள்.

"ஏங்க, நான் சொன்ன போர்வையை எடுத்து வச்சீங்களா?"

"வச்சிட்டேன்."

"ஊர்ல உள்ளவன் சாமானையெல்லாம் வாங்கித் திணிச்சிருக்கீங்களா?"

"சேச்சே."

போனுக்குள்ளும் பந்து கீச்சென்றது கேட்டிருக்க வேண்டும்.

"அது என்னங்க சத்தம்?"

"டிராஃபிக்" என்று வைத்துவிட்டார்.

அறை வாசலில் இறங்கியதும் செய்கு முகம்மது தொண்டையைக் கனைத்தான். ரகுநாதனுக்கு அந்தக் கனைப்பின் அர்த்தம் புரிந்துவிட்டது.

"நீயுமா?"

"வெயிட்டே இல்ல சார். ஒரு கயிறு. வாப்பாவோட ஆட்டுக்கு."

"துபாய்லேருந்து ஆட்டுக்குக் கயிறாடா?"

"வாப்பா ஆசைப்பட்டுட்டாங்க."

அதையும் வாங்கிக்கொண்டார். மொத்தம் பதினொன்று. அறையில் எல்லாவற்றையும் பரப்பி, தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டி செய்கு முகம்மது எடை படித்தான். தன் பெட்டியோடு சேர்த்து ஐம்பத்தாறு கிலோ. கோட்டா முப்பது.

முதலில் ரகுநாதன் தன் பேன்ட் சட்டைகளை வெளியே எடுத்தார். ஊரில் வேட்டி போதும். பிறகு செருப்பை எடுத்தார். பிறகு ஜலஜாவின் போர்வையை எடுத்தார். நாற்பத்தாறு என்றான் செய்கு முகம்மது. மிச்சமிருந்தது மிளகின் தீனிப்பையும் அதன் சாப்பாட்டுக் கிண்ணமும்தான்.

ரகுநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிளகின் கழுத்தைத் தடவினார்.

"நம்ம வீட்டுல மோர்சாதம் நல்லா இருக்கும். ஒரு மாசம் சமாளிச்சுக்கோ."

மிளகு அவர் முழங்காலில் தாடையை வைத்தது. அவருக்கு அழுகை வரும்போலிருந்தது. யாரோ ஒருவருடைய ஆட்டுக்குக் கயிறு கொண்டுபோகிறார். தன் கண்ணுக்குச் சோறு கொண்டுபோக இடமில்லை.

"எடுத்துருங்க சார்" என்றான் செய்கு முகம்மது, கொஞ்சங்கூட வருத்தமில்லாமல். "ஒண்ணும் ஆகாது."

இவ்வளவு கல்மனசா இவனுக்கு என்று ரகுநாதன் நினைத்தார். தீனிப்பையும் கிண்ணமும் கட்டிலுக்கடியில் போயின. எடை நாற்பது.

ஏர்போர்ட்டில் டிராலியைப் போர்ட்டரிடம் ஒப்படைத்த அடுத்த நிமிடம் செய்கு முகம்மதுவைக் காணோம். பார்க்கிங் என்று சொல்லிக்கொண்டே ஓடியே போய்விட்டான். கவுன்ட்டரில் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் வரவேற்றது.

"வணக்கம் சார். வீல்சேர் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா. என்கிட்ட கைடு டாக் இருக்கு" என்று நிமிர்ந்து சொன்னார்.

பாஸ்போர்ட்டும் நாயின் காகிதங்களும் கைமாறின. பெட்டியும் பார்சல்களும் தராசில் ஏறின.

"சார், நாற்பது வருது. ஃப்ளைட் ஃபுல். எக்ஸ்ட்ரா ஒரு கிலோகூட ஏத்த முடியாது. பத்து கிலோ விட்டுட்டுத்தான் போகணும்."

"ஏதாவது பண்ண முடியாதாம்மா?"

"நாயோட சாப்பாடு, சாமான் ஏதாவது இதுல இருந்தா தனியா எடுத்து வைங்க. அது வெயிட்டுல சேராது."

எடைக் கணக்கில் சேராத ஒரே பொருளை ரகுநாதன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்.

"அதோடது ஒண்ணுமே இல்லம்மா. ஒரு பிஸ்கட்கூட இல்ல. எல்லாம் அடுத்தவங்க பார்சல்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. கல்யாணப் பாதாமை விடுவதா, கிழவரின் மெத்தையை விடுவதா. யாரிடம் போய், முடியவில்லை என்று சொல்வது. கண் போனபிறகும் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கிறோம் என்ற ஒரே பெருமையும் இந்தத் தராசில் இறங்கப் போகிறது. எதை விட்டாலும் அதைக் கொடுத்தவருக்கு இப்போதே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

"ஒரு உதவி பண்றியாம்மா?" என்றார். மூன்று வருடத்தில் அவர் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. "எனக்குப் படிக்க முடியாது. ஒவ்வொண்ணுலயும் யார் பேர் எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. யாரோடதை விடலாம்னு பார்க்கறேன்."

அவள் எழுந்து வந்து பாதாம் மூட்டையைத் திருப்பினாள். பிறகு ஷாம்புப் பெட்டியை. பிறகு மெத்தையை, பந்தை, மழைக்கோட்டை, ஆட்டுக்கயிற்றை. மிளகின் வால் தரையில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சார், பதினொண்ணுலயும் ஒரே பேர்தான் எழுதியிருக்கு" என்றாள் அவள். "யாரு சார் இந்த மிளகு?"