ஆப்பிரிக்காவில் நான் வாங்கிய குழி

பாம்பு, இருட்டு, பல் டாக்டர் இந்த மூன்றுக்கும் நான் பயந்ததில்லை என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். (பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொய்.) ஆனால் ரோஜாப்பூ படம் போட்டு, "இனிய காலை வணக்கம் சார்" என்று தெரியாத நம்பரிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தால் போதும், இன்றைக்கும் எனக்கு முதுகில் வேர்வை இறங்கும். அப்படி ஒரு ரோஜாப்பூவை நம்பித்தான் நான் ஆப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் பங்குதாரர் ஆனேன்.

பழனிசெட்டிபட்டியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. தோட்டத்து மோட்டார் புகைந்துபோனால் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். செம்புக் கம்பி வாங்கப் போனால் லேசில் நம்ப மாட்டேன். பிளேடால் சுரண்டிப் பார்ப்பேன், வளைத்துப் பார்ப்பேன், கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடும்வரை விடமாட்டேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி, பார்க்காத நாட்டில், இன்னும் தோண்டவே தோண்டாத ஒரு குழியை, போனில் விரலால் தடவியே வாங்கினேன்.

ரோஜாப்பூ அனுப்பியவர் கிருத்திகா மேடம். அவர் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். அதில் இருநூறு பேர். தினமும் யாராவது ஒருவர், "மேடம் புண்ணியத்தில் கார் வாங்கிவிட்டேன்" என்று எழுதுவார். உடனே நூறு பேர் கைதட்டுவார்கள். (அந்த இருநூறு பேரில் நிஜமான மனிதன் அப்போது நான் ஒருவன்தான் என்று பிறகு போலீஸ்காரர் சொன்னார்.) சுரங்கத்தில் துளை போட்டு மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வந்தால் பங்கு விலை பத்து மடங்கு ஏறுமாம். "முடிவு வந்த பிறகு வாங்குறவங்க சாதாரண ஆளுங்க சார். வர்றதுக்கு முன்னாடி வாங்குறவங்கதான் தொலைநோக்கு உள்ளவங்க" என்றார் மேடம். முப்பத்தெட்டு வயதுவரை என்னை யாரும் தொலைநோக்கு உள்ளவன் என்று சொன்னதில்லை. புது காயில் மெஷின் வாங்க வைத்திருந்த ஒரு லட்சத்து எண்பதாயிரமும் நான்கே நாளில் கடல் தாண்டியது. மனைவி மலரிடம் மூச்சு விடவில்லை.

மேடம் அனுப்பிய செயலியில் என் பணம் வளர்ந்தது. இரண்டு லட்சம், மூன்று லட்சம், ஆறு லட்சம். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் கெட்ட நேரம், அந்த ஆறு லட்சத்தை எடுத்துப்போய் என் மாமனாரிடம் காட்டினேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தமபாளையம் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ச் சாமான்களை ஜப்தி செய்கிற வேலை. முப்பது வருடம் அதே வேலையைப் பார்த்ததால், நம் வீட்டுக்கு விருந்துக்கு வந்தாலும் கட்டில், பீரோ, ஃபேன் என்று கண்ணாலேயே கணக்கெடுத்துக்கொண்டுதான் உட்காருவார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை. "மோட்டாருக்காரு வந்துருக்காரு, என்னான்னு கேளு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

அன்றைக்கு என் போனைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு ஒரு காப்பி போடு" என்றார். அந்தக் காப்பி இறங்கிய சுகத்தில் குழுவின் இணைப்பை அவருக்கும் அனுப்பிவிட்டேன்.

பணம் பதினொரு லட்சம் ஆனதும், போதும், கொஞ்சம் எடுப்போம் என்று பட்டனை அமுக்கினேன். பணம் வரவில்லை. போனில் மேடம்தான் வந்தார். வரியை முன்கூட்டிக் கட்டினால்தான் பணத்தை விடுவிக்க முடியும் என்றார். "அந்தப் பதினொண்ணுலயே கழிச்சுக்கோங்க மேடம்" என்றேன். முடியாதாம், வெளியிலிருந்துதான் கட்ட வேண்டுமாம். ஏமாந்துபோனது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வாடிக்கையாளர் ஒருவர், "எப்பத் தருவீக? எப்பத் தருவீக?" என்று மோட்டாரைக் கேட்கிறார். நான் கிருத்திகா மேடத்தை நினைத்து, "தரமாட்டாகண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

போன பணத்துக்கு அழுவதற்குக்கூட எனக்கு நேரம் தரவில்லை மாமனார். ஓய்வுப் பணம் முழுவதையும் சுரங்கத்தில் போடுவதாக முடிவு செய்து போன் செய்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க மாமா, விலை எறங்கட்டும்" என்றேன். இரண்டு நாள் கழித்து, "சர்வர் வேலை செய்யலையாம் மாமா" என்றேன். மூன்றாவது தடவை அவர் குரல் மாறியது.

"என்னாங்கிறேன், நீ மட்டும் ஏறிட்டு ஏணிய எடுத்துட்டுப் போகலாம்னு பாக்குறியா? திங்கக்கெழம பேங்குல டெபாசிட்ட உடைக்கிறேன். யாரு தடுக்குறான்னு பாக்குறேன்."

நான் தடுக்கத் தடுக்க அந்தச் சுரங்கத்தில் தங்கம் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் நெஞ்சு அடித்தது. போன் அடிக்காவிட்டால், நேராகப் பேங்குக்கே போய்விட்டாரோ என்று அதைவிடப் பலமாக அடித்தது. மலர், "வகுத்துல பூச்சி இருக்கும்" என்று சொல்லி எனக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாள். வாயைத் திறக்காமல் விழுங்கிவைத்தேன்.

திங்கட்கிழமைக்கு முந்தின நாள் பண்ணைப்புரத்தில் என் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் முன்னூறு பேர். மாமனாரை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவது என்று திட்டம். பக்கத்தில் போகும்போதெல்லாம் அவர் என் தோளில் கையைப் போட்டு, "இவுகதான் நம்ம மாப்பிள்ள" என்று யாரிடமாவது காட்டினார். அந்தக் கை என் தோளில் ஜப்தி சீல் போலக் கனத்தது.

குழந்தைக்குக் காது குத்தி முடிந்த நேரம், கோம்பை அத்தை என்னைத் தேடி வந்தார். மாமனாரின் ஒன்றுவிட்ட தங்கை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, கேரளா மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போய்ப் பொழுது சாய வருகிறவர். முந்தானை முடிச்சைப் பிரித்து, எட்டாக மடித்த நோட்டுகளை என் கையில் திணித்தார்.

"தம்பி, அண்ணன் சொன்னாக. எம்பேருக்கும் அங்கன ஒரு சின்னக் குழியா வாங்கிப் போட்ரு. பெருசு வேணாம்."

"அத்தே, இது வந்து…"

"குறைச்சலா இருக்கோ? அடுத்த வாரம் கூலி வந்ததும் மிச்சத்தத் தாரேன்யா."

நோட்டில் ஏலக்காய் வாசம். அப்படியே அவர் கையில் திருப்பி வைத்து மூடினேன். அதே நேரம் மைக்கில் மாமனார் குரல் கேட்டது.

"எல்லாரும் ஒரு நிமிசம் இங்கன கவனிங்க. நம்ம மாப்பிள்ள தங்கச் சுரங்கத்தப் பத்தி ரெண்டு வார்த்த பேசுவாக. பங்கு வேணுங்கிறவுக நல்லாக் கேட்டுக்கங்க."

மேடைக்கு நடந்தது நான்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மைக்கைப் பிடித்தேன். அது கீச்சென்று அலறியது. முன்வரிசையில் மலர், என்னைப் பார்க்கிறாள். பக்கத்தில் மாமனார், பெருமையில் மீசையைத் தடவுகிறார். இப்படியே ஓடிப்போய்க் கம்பம் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று ஒரு யோசனை. ஆனால் பஸ் ஏற வேண்டுமென்றால் கோம்பை அத்தையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பெரியவுகளே, தாய்மாருகளே" என்று ஆரம்பித்தேன். பிறகு ஒரே மூச்சில் கொட்டினேன். "சுரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் போச்சு. என்னய ஏமாத்திட்டாக. யாரும் பணம் போட்றாதீக. மாமா, நீங்களும் போட்றாதீக. மலரு, மன்னிச்சுக்க."

பந்தியில் பாயசம் ஊற்றியவர் கரண்டியோடு நின்றார். அப்போது பின்வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார்.

"என்னவாம்? என்ன சொல்றாரு?"

"சுரங்கம் போச்சாம்."

"சுரங்கம் இடிஞ்சுபோச்சா?"

அது காற்றில் பரவுகிற நெருப்பு மாதிரி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. என் மேடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கோம்பை அத்தை நெஞ்சில் கைவைத்து, "ஆத்தாடி, உள்ள ஆளுக இருந்தாகளா?" என்று அலறினார். யாரோ என்னைப் பிடித்துச் சேரில் உட்காரவைத்து, சொந்தச் சுரங்கம் இடிந்த துக்கத்துக்குச் சோடா கொடுத்தார்கள்.

மாமனார் என் கையைப் பிடித்தார். மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஆளுயரக் கரண்டிகள் சாத்தியிருந்தன. எந்தக் கரண்டியில் அடிப்பார், பெரியதிலா சின்னதிலா என்று நான் கணித்துக்கொண்டிருக்கையில், அண்டாவுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"மாப்ள," என்றார் மெதுவாக. "நீ தடுப்பேன்னு ஒங்கிட்டச் சொல்லல. நேத்து சாயந்தரமே அம்பதாயிரம் போட்டுட்டேன்."

முப்பது வருடம் ஊரையே நடுங்கவைத்த அமீனா நடுங்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் சாம்பார் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவர் மேல் இருந்த பயம் அந்த இடத்தில்தான் விட்டது. அதற்குப் பதிலாக, உள்ளே வந்த மலர் மேல் ஒரு புதுப் பயம் வந்தது.

மலர் திட்டவில்லை. அதுதான் பயமே. "ரெண்டு பேரும் போனக் குடுங்க" என்றாள். இந்த மாதிரி மோசடிக்குப் புகார் சொல்லும் போலீஸ் நம்பருக்கு அங்கேயே நின்று அடித்தாள். அவர்கள் கேட்கக் கேட்க, மாமனார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக ஒப்பித்தார். எந்தப் பேங்க், எத்தனை மணி, எந்தக் கணக்கு. சீக்கிரம் சொன்னது நல்லதாயிற்று. மறுநாள் தேனியில் போய் எழுதிக்கொடுத்தோம். அவர் பணத்தில் பெரும்பகுதியைக் கைமாறுவதற்குள் நிறுத்திவிட்டார்கள். சில மாதம் அலைந்து திரும்பி வாங்கினார். என் பணம் போனது போனதுதான். காயில் மெஷின் இல்லாமல் இன்றும் கையால்தான் சுற்றுகிறேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்துத்தான் மலர் திட்டினாள். அப்போதுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

மாமனார் என்னை மறுபடி மோட்டாருக்காரர் ஆக்குவார் என்று நினைத்தேன். ஆக்கவில்லை. சமையல் கொட்டகையில் கூப்பிட்ட அந்த "மாப்ள" அப்படியே நிலைத்துவிட்டது. அதற்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் விலை அதிகம்தான், என்ன செய்ய?

கோம்பை அத்தைக்கு மட்டும் நாங்கள் எத்தனை தடவை விளக்கினாலும் ஏறவில்லை. எந்தக் கல்யாணம், காதுகுத்தில் என்னைக் கண்டாலும் முதல் கேள்வி அதுதான். போன மாதம் ஒரு வளைகாப்பில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக் கேட்டார்.

"ஏன் தம்பி, உள்ள மாட்டுன ஆளுகள எல்லாம் எடுத்துட்டாகளா?"

நான் வாயைத் திறக்குமுன் பந்தியிலிருந்து மலர் குரல் கொடுத்தாள்.

"எடுத்துட்டாக அத்தே. ஒரே ஒரு ஆளு மட்டும்தான் இன்னும் உள்ள கெடக்காரு!"

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீருக்கு என் பக்கம்தான் கையை நீட்டினார்.