தொடாமலே ஆளை வீழ்த்திய குருநாதர்

தொடாமல் அடிக்கிறாராம்! பத்தடி தள்ளி நின்று உள்ளங்கையை நீட்டினால் போதுமாம். எருமை மாதிரி இருப்பவனும் எகிறி விழுவானாம். சீனத்துச் சோங் மலையடிவாரத்தில் இந்தச் செய்தி பரவிய வேகத்தில் விஷக் காய்ச்சல்கூடப் பரவியதில்லை.

எங்கள் லியூபோ கிராமத்துத் திடலில் பொழுது விடியுமுன்பே கூட்டம். கோதுமை அறுப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள், கழுதை வண்டி பிடித்து வந்தவர்கள், எள்ளு ரொட்டி விற்க வந்து விற்க மறந்து நின்றவர்கள்.

குருநாதர் பெயர் வேய் பாவ்ஷான். மஞ்சள் அங்கி, மழித்த தலை, நன்றாகத் தின்று வளர்ந்த கன்னம். நாங்கள் தாமோ என்று சொல்லும் போதிதருமர், தம் உள்ளங்கைச் சக்தியை மலைக் குகையில் விட்டுவிட்டுப் போனாராம். அது ஆயிரத்துச் சொச்சம் வருஷம் யாருக்கும் கிடைக்காமல் காத்திருந்ததாம். யாருக்காக? கைஃபெங் கடைத்தெருவில் பல்பொடி விற்ற நம் வேய்க்காக! பல்பொடி விவரம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சக்தி விவரம் மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

அவர் கையை நீட்டி, காலைத் தரையில் உதைத்து, "ஹோவ்!" என்பார். எதிரே நிற்கும் நான்கு சீடர்களும் புயலில் சிக்கிய வைக்கோல் போலப் பறப்பார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

வேடிக்கையோடு போயிருந்தால் பரவாயில்லை. ராஜா போய்க் குடியரசு வந்த காலம் அது. எங்கள் பக்கம் குடியரசுக்கு முன்னால் கொள்ளைக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பக்கத்து ஊரைப் பனிக்காலத்தில்தான் கொளுத்தியிருந்தார்கள். எங்கள் ஊர்த் தலைவர் கெங் தேமாவ் திடலில் எழுந்து அறிவித்தார்:

"ஊர்க்காவல் துப்பாக்கிகளை வித்துடலாம். அந்தப் பணத்தைக் குருநாதர் காலடியில வச்சு அவரை இங்கேயே தங்க வச்சுடலாம். கொள்ளைக்காரன் வந்தா ஐயா கையை நீட்டுவார். அவ்வளவுதான்!"

ஆரவாரம் மலையில் எதிரொலித்தது. குருநாதர் அடக்கமாகக் கண்களை மூடிக்கொண்டார்.

உப்பு வாங்க இறங்கி வந்திருந்த மலை மடத்துத் துறவி சிங்யுவான் மட்டும் சிரித்துவிட்டார்.

"ஏன் சாமி சிரிக்கிறீங்க? தாமோ உங்க மடத்து ஆளுதானே?" என்றார் தலைவர்.

"தாமோ தியானம் சொல்லிக் கொடுக்க வந்தவர்ப்பா. எங்க மடத்துக்கு நிலம் இருந்துச்சு, களஞ்சியம் இருந்துச்சு. கொள்ளைக்காரன் வந்தான். துறவிங்க தடி எடுத்தாங்க. சண்டைக்கலை வந்த கதை அதுதான். ரொம்பக் காலம் கழிச்சு யாரோ ஒருத்தன் புத்தகம் எழுதி, தாமோ பேரைப் போட்டுட்டான்." அவர் காய்ப்பேறிய கைகளை விரித்துக் காட்டினார். "சும்மா கையை நீட்டினா ஆள் விழுவான்னா, நாங்க எதுக்குத் தினம் இருட்டுல எழுந்து தடி சுத்திச் சாகணும்?"

"பொறாமை!" என்றது கூட்டம். உழைத்தவனுக்கு எங்கள் ஊர் கொடுத்த பட்டம் அது.

கோயில் விழாவுக்கு வந்திருந்த நாடகக் குழுவின் சண்டை நடிகை தோங் சியூ ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் வாள்வெட்டுப்பட்டு விழுவதுதான் அவள் பிழைப்பு. சீடர்கள் தோளைச் சுருட்டி, தரையைக் கையால் அறைந்து சத்தம் எழுப்பி விழுந்ததை அவளால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவள் குருநாதரை வணங்கினாள். "குருவே, சக்தி உங்க கூச்சல்ல இருக்கா, கையில இருக்கா?"

"கையிலதான் பொண்ணே. கூச்சல் ஜனங்களுக்காக."

"சுவர் மறைச்சா சக்தி நின்னுடுமா?"

"மலையே மறைச்சாலும் நிக்காது!"

"அப்போ எங்க மேடைத் துணி எம்மாத்திரம்!" என்றாள் அவள்.

கூட்டம் குதூகலித்தது. குருநாதர் மறுக்க வாய் திறப்பதற்குள் தலைவரே கைபிடித்து மேடையேற்றிவிட்டார். மேடை நடுவில் கனத்த திரையைக் கட்டினார்கள். இந்தப் பக்கம் குருநாதர், அந்தப் பக்கம் சீடர்கள். இரண்டு பக்கமும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. குருநாதரைக் கௌரவிக்கிறோம் என்று நாடகக் குழு தாளமும் பறையும் முழக்கியது.

தோங் சியூ கைக்குட்டையை அசைத்தாள். குருநாதர் கையை நீட்டினார். அந்தப் பக்கம் ஒருவன் காதைச் சொறிந்தான்.

மறுபடி நீட்டினார். இருமினார். காலை உதைத்தார். பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஒரு சீடன் கொட்டாவி விட்டான். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

குருநாதர் வியர்த்துப்போய் முக்காலியில் உட்கார்ந்தார். தோங் சியூ பணிவாகத் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். அவள் சைகை காட்ட, வாத்தியம் நின்றது. அவள் மேடைப் பலகையை ஓங்கி உதைத்து, அடிக்குரலில் கத்தினாள்:

"ஹோவ்!"

நான்கு பேரும் பறந்தார்கள். ஒருவன் அந்தரத்தில் குட்டிக்கரணமே போட்டு விழுந்தான்.

 திடலில் வெடித்த சிரிப்பில் கழுதைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. திரையை இழுத்து அவிழ்த்தபோது, குட்டிக்கரணக்காரன் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து விழித்தான்.

"குருவே, கத்தினது நீங்கதானே?"

குருநாதர் எழுந்தார். "நம்பிக்கை இல்லாத இடத்துல தாமோ சக்தி வேலை செய்யாது!"

தலைவர் கெங்குக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. விற்பதற்காகத் துப்பாக்கிகளை ஏற்றிய வண்டி புறப்படத் தயாராக நின்றிருந்தது. அவர் அதையும் குருநாதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோவ், வர்ற கொள்ளைக்காரன் மட்டும் உன்னை நம்பிக்கிட்டா வருவான்?"

வேய் பாவ்ஷான் மேடையிலிருந்து குதித்தார். மஞ்சள் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியவரைப் பிடிக்க எங்களில் யாராலும் முடியவில்லை. கால்களிலாவது அவருக்கு உண்மையான சக்தி இருந்தது.

சீடர்கள் நால்வரையும் தோங் சியூ நாடகத்தில் சேர்த்துக்கொண்டாள். "நல்லாவே விழறீங்கடா. இங்கேயும் விழலாம், கூலி வாங்கலாம். ஆனா பொய்னு சொல்லிட்டுத்தான் விழணும்."

தலைவர் வெட்கத்தோடு துறவியிடம் போய், ஊர் இளைஞர்களுக்குத் தடி சுற்றச் சொல்லிக்கொடுக்கக் கேட்டார். மறுநாள் இருட்டிலேயே எல்லோரும் போய் நின்றோம். முதல் சுற்றிலேயே கை கொப்பளித்தது. வரிசையில் ஒருவன் கேட்டான்: "சாமி, இதுக்கு ஏதாவது மந்திரம் கிந்திரம் இருக்கா?"

"இருக்கே," என்றார் சிங்யுவான். "அதைக் கழுத்துக்கு மேல வச்சுத்தான் எல்லாரையும் அனுப்பியிருக்காங்க. நீங்கதான் அதைத் தொப்பி மாட்டுறதுக்கு மட்டும் வச்சிருக்கீங்க."